பெரியம்மாவின் ராத்திரி நடையும், செத்துப்போன ஒரு வியாதியும்

நான் ஒன்பதாவது படிச்சிட்டு இருந்தப்போ எங்க பெரியம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயசு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பார்த்தா கூடத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகிட்டே இருப்பாங்க. முந்தானையால முகத்தைத் துடைச்சுப்பாங்க, மார்கழி மாசத்துலயும். பகல்ல காரணமே இல்லாம அழுகை. ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காம "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு அப்படித்தாம்மா இருக்கும், தானா சரியாயிடும்"னு சொல்லி சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். தானா சரியாக ரெண்டரை வருஷம் ஆச்சு. அந்த ரெண்டரை வருஷத்துல நடந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது.

அந்த "அப்படித்தான் இருக்கும்" எங்கேர்ந்து வந்ததுன்னு ரொம்ப நாளா ஒரு குடைச்சல். தேடிப் போனா, 1896-ல பிறந்து 1980-ல செத்த ஒரு வியாதி மாட்டுச்சு. பேர்: இன்வல்யூஷனல் மெலன்கோலியா. உடம்பு தேயற வயசுல வர்ற மனச்சோர்வுன்னு வச்சுக்கலாம்.

அதுக்கு முன்னாடி கதை கொஞ்சம் இருக்கு, வேகமா சொல்லிடறேன். மெனோபாஸ்ங்கற வார்த்தையைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் கார்தான் என்ற பிரெஞ்சு டாக்டர், 1821-ல. மாதவிலக்கு நிக்கறது காலங்காலமா நடக்கற விஷயம், அதுக்கு மருத்துவப் பேர் வந்து இருநூறு வருஷம்தான் ஆகுது! 1857-ல லண்டன்ல எட்வர்ட் டில்ட்னு ஒருத்தர் இதுக்காகவே ஒரு புத்தகம் போட்டார். ஐநூறு பெண்களோட விவரங்களைச் சேர்த்து, உடம்புத் தொந்தரவு, மனத் தொந்தரவுன்னு எல்லாத்தையும் பட்டியல் போட்ட மனுஷன். ஆக, இந்த வயசுல மனசு ஆட்டம் காணும்னு டாக்டர்கள் கவனிச்சது புதுசு இல்லை.

இப்ப ஜெர்மனிக்கு வருவோம். எமில் கிரேப்பலின். இன்னிக்கு மனநோய்களை வகை பிரிக்கற முறைக்கு அஸ்திவாரம் போட்டவர். 1896-ல தன் பாடப்புத்தகத்தோட ஐந்தாம் பதிப்புல, வயசு இறங்குற காலத்துல வர்ற மனச்சோர்வு தனி வியாதி, லேசுல குணமாகாதுன்னு எழுதினார். அவர் பெண்களை மட்டும் சொல்லலை, வயோதிகம்னுதான் சொன்னார்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான் வருது. ஜார்ஜ் டிரைஃபஸ்னு ஒரு டாக்டர், கிரேப்பலினோட ஹைடல்பெர்க் நோயாளிகளைத் திரும்பத் தேடிப் போய் விசாரிச்சார். பலர் குணமாகி நல்லா இருந்தாங்க. அதைவிட முக்கியம், பலருக்கு சின்ன வயசுலயே இதே மாதிரி சோர்வு ஒரு தடவையாவது வந்து போயிருந்தது! அப்போ இது நாற்பத்தஞ்சு வயசுல புதுசா முளைச்ச வியாதி இல்லையே? 1907-ல இதைப் புத்தகமாவே போட்டார். கிரேப்பலின் மனசுல பெரியவர், ஒத்துக்கிட்டார். எட்டாம் பதிப்புல தன்னோட வியாதியைத் தானே எடுத்துட்டார்.

ஆனா பெத்தவரே கைவிட்ட பிள்ளையை ஊர் வளர்த்துது. டாக்டர்களுக்கு அந்தப் பேர் வசதியா இருந்தது. 1929-ல முதல் ஈஸ்ட்ரோஜனைப் பிரிச்சு எடுத்தாங்க, அடுத்த சில வருஷத்துல மனநல ஆஸ்பத்திரிப் பெண்களுக்கு அது ஊசியாப் போச்சு. வயோதிகம்னு ஆரம்பிச்ச வியாதி மெதுவா கருப்பை வியாதியா மாறிடுச்சு. 1938-ல ரோம்ல மின் அதிர்ச்சி சிகிச்சை வந்தது. நியாயமா சொல்லணும்னா, இந்த நோயாளிகள்ல நிறைய பேருக்கு அதனால நல்ல குணம் கிடைச்சது.

அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1935 நவம்பர்ல, லிஸ்பன்ல எகாஸ் மோனிஸ் முதன்முதலா மூளையோட முன்பகுதி நரம்பிழைகளைச் சிதைக்கிற ஆபரேஷனைப் பண்ண வச்சார். அந்த முதல் நோயாளி ஒரு பெண். அவங்களுக்குக் கொடுத்திருந்த பட்டம் இதே இன்வல்யூஷனல் மெலன்கோலியா. வயசு அறுபத்து மூணு! மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்னு கணக்குப் போட்டுக்கோங்க. மோனிஸுக்கு 1949-ல நோபல் பரிசே கொடுத்தாங்க.

அமெரிக்க மனநல மருத்துவர்களோட அதிகாரப்பூர்வ நோய்ப் பட்டியல் 1952-ல வந்தப்போ இதுவும் அதுல ஏறிடுச்சு. 1968 பட்டியல்லயும் இருந்தது. காரணமில்லாத கவலை, தூக்கமின்மை, குற்ற உணர்ச்சி, உடம்பைப் பத்தின பயம், இதெல்லாம்தான் அடையாளம். (பெரியம்மா ஞாபகம் வருதா?) 1971-ல பாலின் பார்ட் என்ற சமூகவியலாளர், லாஸ் ஏஞ்சலஸ் பகுதி மனநல ஆஸ்பத்திரிகள்ல இருந்த நடுவயசுப் பெண்களோட கோப்புகளைப் புரட்டிப் பார்த்து வேற ஒண்ணு சொன்னாங்க. பிள்ளைகளே உலகம்னு இருந்து, அந்தப் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன அம்மாக்கள்தான் அதிகம் உடைஞ்சு போயிருக்காங்கன்னு. ஹார்மோனை மட்டும் பார்த்தா போதாது, வீட்டையும் பாருங்கன்னு அர்த்தம்.

இதுக்கு நடுவுல மருந்து வியாபாரம் தனி ஆட்டம். கர்ப்பமான பெண் குதிரைகளோட சிறுநீர்லேர்ந்து எடுத்த ப்ரெமரின் மாத்திரை 1942-ல அமெரிக்காவுக்கு வந்தது. மனசை அமைதிப்படுத்துற மருந்தைக் கலந்தும் ஒரே மாத்திரையா வித்தாங்க. 1966-ல ராபர்ட் வில்சன்னு ஒரு டாக்டர், மெனோபாஸ்ங்கறது சர்க்கரை வியாதி மாதிரி ஒரு குறைபாடு, ஈஸ்ட்ரோஜன் போட்டா பெண் எப்பவும் பெண்ணா இருக்கலாம்னு புத்தகம் எழுதினார். சக்கைப்போடு போட்டது. அவருக்கு மருந்து கம்பெனிப் பணம் போனது பின்னாடி வெளியே வந்தது. படிச்சப்போ எனக்கு எரிச்சலா வந்தது, கணவனுக்குத் தொந்தரவு இல்லாத மனைவியைத் தயார் பண்ற வைத்தியம் மாதிரி இருக்கு அவர் பேச்சு.

1979-ல மிர்னா வைஸ்மன் கட்டுரை வந்தது. மெனோபாஸ் சமயத்துல வர்ற மனச்சோர்வு மத்த வயசுல வர்றதிலேர்ந்து எந்த விதத்துலயும் வித்தியாசமானது இல்லை, தனி வியாதிங்கறது கட்டுக்கதைன்னு. 1980 பட்டியல்ல பேர் காலி. பொழுது போகலைன்னா பைத்தியப் பட்டம் கட்டுற வழக்கத்துக்கு ஒரு முடிவுன்னு நிறைய பெண்கள் சந்தோஷப்பட்டிருப்பாங்க. நியாயம்தான்.

ஆனா ஊசல் அந்தக் கோடிக்குப் போயிடுச்சு. 1975-லயே மார்ஷா ஃப்ளின்ட் என்ற மானுடவியலாளர் நம்ம நாட்டு ராஜபுத்திரப் பெண்கள் 483 பேரைப் பார்த்துட்டு, இவங்களுக்குப் பெரிசா தொந்தரவே இல்லை, மாதவிலக்கு நின்னதும் முக்காடும் கட்டுப்பாடும் தளர்ந்து மரியாதை கூடுதுன்னு எழுதியிருந்தாங்க. நல்ல ஆராய்ச்சிதான். அதுக்காக இந்தியப் பெண்ணுக்கு மெனோபாஸ் ஒரு பிரச்சினையே இல்லைன்னு நீட்டினா, எங்க கூடத்துல ராத்திரி நடந்தது யார்?

2006 ஏப்ரல்ல ஒரே இதழ்ல ரெண்டு ஆய்வு வந்தது. பாஸ்டன்ல, அதுவரைக்கும் மனச்சோர்வே வராத 460 பெண்களைத் தொடர்ந்து கவனிச்சாங்க. மாதவிலக்கு தாறுமாறாகுற கட்டத்துக்குள்ள போனவங்களுக்கு சோர்வு வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஃபிலடெல்ஃபியாவுல 231 பெண்களை எட்டு வருஷம் கவனிச்சதுலயும் அதே திசைதான். அதுல ஒரு நுணுக்கம்: ஹார்மோன் குறையறதைவிட, அது மேலயும் கீழயும் ஆடுறதுதான் அதிகம் படுத்துதாம்.

அப்போ வைஸ்மன் சொன்னது தப்பா? இல்லை. தனி வியாதி கிடையாது, வழக்கமான மனச்சோர்வுதான். ஆனா அது வர்றதுக்கு இந்தச் சில வருஷங்கள் சுலபமான வாசல். ரெண்டும் ஒண்ணா நிஜமா இருக்க முடியும். பெரும்பாலான பெண்கள் அந்த வாசலைப் பெரிய சேதமில்லாம தாண்டிடறாங்க. யார் விழுவாங்கன்னு முன்கூட்டி ஓரளவு சொல்ற விஷயங்கள்ல முக்கியமானது, முன்னாடி எப்பவாவது சோர்வு வந்திருக்காங்கறது. அதாவது டிரைஃபஸ் 1907-ல கேட்ட அதே கேள்வி!

இதை எழுதறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு போன் போட்டேன். "பெரியம்மாவுக்கு அதுக்கு முன்னாடி எப்பவாவது அப்படி ஆகியிருக்காம்மா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாங்க: "சின்னவன் பொறந்தப்போ மூணு மாசம் யார்கிட்டயும் பேசாம சுவத்தைப் பார்த்துகிட்டுப் படுத்திருந்தா. பிள்ளையைத் தூக்கக்கூட மாட்டா, நான்தான் குளிப்பாட்டுவேன். ஏன்டா, அதுக்கும் இதுக்கும் என்ன?"