எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் கதை: 5 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு

முதல்முறையாகக் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். எந்த பிராசஸர், எந்த கிராபிக்ஸ் கார்டு என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். எஸ்.எம்.பி.எஸ். பேச்சை எடுத்தால் மட்டும் "கேபினட்டோடு ஒன்று வருமே, போதாதா?" என்பார்கள். மிஞ்சிப் போனால் "500 வாட் போதுமா, 600 வாட் வேண்டுமா?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியே அரைக் கேள்விதான். மீதிப் பாதி எது என்று தெரிய, அந்தப் பெட்டி வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். சரித்திரம் என்றதும் ஓடிவிடாதீர்கள். உங்கள் காசு சம்பந்தப்பட்ட சரித்திரம் இது :-)

கனமான டிரான்ஸ்பார்மர் காலம்

சுவரில் வருவது ஏ.சி. மின்சாரம். சிப்புகளுக்கு வேண்டியது குறைந்த வோல்ட்டில் டி.சி. இந்த மாற்றத்தைச் செய்வதுதான் பவர் சப்ளையின் வேலை.

1975-ல் வந்த ஆல்டேர் 8800 கம்ப்யூட்டரில் கனமான டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தது. அதிலிருந்து ஏறத்தாழ 8 வோல்ட் ஒவ்வொரு கார்டுக்கும் போகும். கார்டில் உள்ள ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும். மீதி 3 வோல்ட் என்ன ஆகும்? வெறும் சூடாகப் போய்விடும். அதாவது எட்டில் மூன்று பங்கு வீண்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை, நாம் சொல்லும் எஸ்.எம்.பி.எஸ். இது சுவர் மின்சாரத்தை முதலில் டி.சி. ஆக்கிவிடும். பிறகு அதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை டிரான்சிஸ்டரால் வெட்டி வெட்டி அனுப்பும். அவ்வளவு வேகத்தில் வெட்டும்போது உள்ளங்கையில் அடங்கும் டிரான்ஸ்பார்மரே போதும். எடையும் குறைவு, சூடும் குறைவு.

1977-ல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் என்ற இஞ்சினியர் இப்படி ஒரு சப்ளையை வடிவமைத்தார். எல்லோரும் அவருடைய டிசைனைத்தான் காப்பியடித்தார்கள் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னதாக, 2011-ல் வால்டர் ஐசக்சன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. அது முழு உண்மை இல்லை. ஹியூலெட் பேக்கர்டின் 2100ஏ மினி கம்ப்யூட்டர் 1971-லேயே ஸ்விட்சிங் சப்ளையோடு வந்தது. வெட்டும் வேலையைக் கட்டுப்படுத்தும் எஸ்.ஜி.1524 சிப்பும் 1976-லேயே கடைக்கு வந்துவிட்டது. ஹோல்ட் செய்தது நல்ல வேலை. ஆனால் முதல் வேலை அல்ல.

5 வோல்ட்டின் ராஜ்ஜியம்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வந்தது. அதன் எஸ்.எம்.பி.எஸ். மொத்தமே 63.5 வாட்! கணக்கைப் பாருங்கள். 5 வோல்ட்டில் 7 ஆம்ப், அதாவது 35 வாட். 12 வோல்ட்டில் 2 ஆம்ப், அதாவது 24 வாட். மீதி 4.5 வாட் மைனஸ் 5, மைனஸ் 12 வோல்ட் லைன்களுக்கு. சிப்புகளில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் ஓடின. 12 வோல்ட் முக்கியமாக பிளாப்பி டிரைவ் மோட்டாருக்கும் மெமரி சிப்புகளுக்கும் போனது.

ஹார்ட் டிஸ்க்கோடு 1983-ல் வந்த எக்ஸ்.டி.யில் 130 வாட், 1984-ல் வந்த ஏ.டி.யில் 192 வாட். வாட் ஏறியதே தவிர, ராஜா என்னவோ 5 வோல்ட்தான்.

1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற தரத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் மதர்போர்டுக்கு இரண்டு தனித்தனி கனெக்டர்கள். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் சேர்ந்து வரும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போயே போச்சு. ஏ.டி.எக்ஸ். அதை ஒரே 20 பின் கனெக்டராக ஆக்கியது. 3.3 வோல்ட் லைன் ஒன்றையும், கம்ப்யூட்டரை ஆஃப் செய்த பிறகும் உயிரோடு இருக்கும் 5 வோல்ட் லைன் ஒன்றையும் சேர்த்தது. அதனால்தான் உள்ளே கை வைக்கும் முன் பிளக்கையே கழற்றச் சொல்கிறார்கள்.

ஆட்சி மாற்றம்

பிராசஸர் உண்மையில் எடுத்துக்கொள்வது ஒன்று ஒன்றரை வோல்ட்தான். மதர்போர்டில் இருக்கும் சர்க்யூட், எஸ்.எம்.பி.எஸ். தருவதை அந்த அளவுக்கு இறக்கித் தருகிறது. பிராசஸரின் பசி கூடக் கூட ஒரு சிக்கல் வந்தது. 60 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்ப 12 ஆம்ப் வேண்டும். அதையே 12 வோல்ட்டில் அனுப்பினால் 5 ஆம்ப் போதும். ஒயரில் உண்டாகும் சூடு ஆம்ப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, அதே ஒயரில் சூடு ஆறில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கிவிடுகிறது.

இதனால் 2000-ல் பென்டியம் 4 வந்தபோது, பிராசஸருக்கென்றே தனியாக 4 பின் 12 வோல்ட் கனெக்டர் வந்தது. 2003-ல் மெயின் கனெக்டர் 24 பின் ஆனது. பிறகு கிராபிக்ஸ் கார்டுகளின் முறை. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் தரும், 6 பின் கனெக்டர் இன்னொரு 75 வாட் தரும், 8 பின் 150 வாட் தரும். 2006 நவம்பரில் வந்த ஜீபோர்ஸ் 8800 ஜி.டி.எக்ஸ். கார்டுக்கு இரண்டு 6 பின் கனெக்டர்கள் தேவைப்பட்டன. எல்லாமே 12 வோல்ட். பழைய ராஜாவுக்கு யு.எஸ்.பி., எஸ்.எஸ்.டி. போன்ற சில்லறை வேலைகள்தான் மிச்சம்.

ஸ்டிக்கரைப் படியுங்கள்

இப்போது நம் அரைக் கேள்விக்கு வருவோம். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றில் "500 வாட்" என்று பெரிதாகப் போட்டு, 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்ப் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 × 16 = 192 வாட். மீதி வாட் எல்லாம் 5, 3.3 வோல்ட் லைன்களில் சும்மா கிடக்கும். இன்னொன்றும் 500 வாட்தான், ஆனால் 12 வோல்ட்டில் 41 ஆம்ப். அது 492 வாட். உங்கள் கார்டு 200 வாட், பிராசஸர் 125 வாட் என்றால் 12 வோல்ட்டில் மட்டும் 27 ஆம்ப் வேண்டும். முதல் பெட்டி கேம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கையை விரித்துவிடும். பேரில் இரண்டும் 500 வாட்!

12 வோல்ட் இரண்டு மூன்று லைன்களாகப் பிரிந்திருந்தால் அவற்றை அப்படியே கூட்டாதீர்கள். மொத்தம் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும். அதுதான் கணக்கு.

80 பிளஸ் முத்திரை 2004-ல் தொடங்கியது. 20, 50, 100 சதவீத லோடில் குறைந்தது 80 சதவீதத் திறன் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிரான்ஸ், கோல்டு போன்ற படிகள் 2008-லிருந்து வந்தன. 80 சதவீதம் என்றதும் 500 வாட் பெட்டி 400 வாட்தான் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது 500 வாட் தரும், சுவரிலிருந்து 625 வாட் எடுக்கும். முத்திரை சொல்வது திறனை மட்டுமே. ஷார்ட் சர்க்யூட், ஓவர்லோடு வந்தால் பெட்டி தன்னையும் மற்ற பாகங்களையும் காப்பாற்றுமா என்பதை விமர்சனங்களைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கதை முடியவில்லை

2022-ல் ஏ.டி.எக்ஸ். 3.0 வந்தது. ஒரே சின்ன கனெக்டரில் 600 வாட் வரை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றில் அந்தக் கனெக்டர் உருகியதாகச் செய்திகள் வந்தன. சரியாகச் செருகப்படாதது ஒரு காரணம் என்றார்கள். 2023-ல் கனெக்டரைத் திருத்தினார்கள். கணக்கு இங்கேயும் அதேதான். 8 பின்னில் 150 வாட்டை மூன்று ஒயர்கள் சுமக்கும்போது ஒயருக்கு 4 ஆம்ப் சொச்சம். புதியதில் 600 வாட்டை ஆறு ஒயர்கள் சுமக்கும்போது ஒயருக்கு 8 ஆம்ப்புக்கு மேல். 12 வோல்ட்டுக்கே மூச்சு வாங்குகிறது!

ஆகவே நண்பர்களே, கடைக்குப் போகும் முன் கார்டின் வாட்டையும் பிராசஸரின் வாட்டையும் கூட்டுங்கள். 12-ஆல் வகுங்கள். வந்த ஆம்ப்புக்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கும் பெட்டியை, உங்கள் கார்டுக்கு வேண்டிய கனெக்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கனெக்டரைக் கடைசி வரை அழுத்திச் செருகுங்கள். பெட்டியை மட்டும் திறந்து பார்க்காதீர்கள். 230 வோல்ட் ஏ.சி. உள்ளே போனதும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட டி.சி. ஆகிவிடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

மற்ற எல்லாப் பாகங்களும் இந்த ஒரு பெட்டியிடம்தான் சாப்பாடு வாங்குகின்றன. சமையல்காரரைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாமே.