குளத்துக்கு ஏறி வரும் சூடு

உல்லாசக் கப்பலில் போகத் திட்டமிடுகிறவர்கள் மறக்காமல் கேட்பது ஒன்று: நீச்சல் குளத்தில் இருப்பது வெதுவெதுப்பான நீரா, பச்சைத் தண்ணீரா? இன்றைய பெரிய கப்பல்கள் பலவற்றில் சூடேற்றும் வசதி இருக்கிறது. ஆனாலும் ஒரே குளம் ஒரு நாள் இதமாகவும் மறுநாள் நடுங்க வைப்பதாகவும் இருக்கும். காரணம் தெரிய வேண்டுமானால், அந்தச் சூடு பிறக்கிற இடத்திலிருந்து அதன் கூடவே வர வேண்டும்.

முதலில் அது நிலக்கரியில் பிறந்தது. 1907-இல் ஓடத் தொடங்கிய ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் 'அட்ரியாட்டிக்' கப்பலிலேயே உள்ளறை நீச்சல் குளம் இருந்தது. 1912-இல் 'டைட்டானிக்'கின் குளம் எஃப் தளத்தில், கப்பலின் அடிவயிற்றுக்குப் பக்கத்தில் அமைந்தது. நீளம் சுமார் 30 அடி, அகலம் 14 அடி. துறைமுகத்து அழுக்கு நீர் ஆகாது என்று, கப்பல் நடுக்கடலுக்குப் போன பிறகுதான் அதில் உப்பு நீர் நிரப்பினார்கள். 29 கொதிகலன்களுக்கு இரவும் பகலும் கரி அள்ளிப் போட்டவர்களின் உழைப்பில் ஒரு துளிதான் அந்தக் குளத்தின் வெதுவெதுப்பு. அவர்களில் ஒருவருக்கும் அதில் இறங்க இடமில்லை. குளம் முதல் வகுப்புக்கு மட்டுமே.

ஏப்ரல் 14 ஞாயிறு காலை, ஆர்ச்சிபால்ட் கிரேசி என்ற அமெரிக்கப் பயணி அங்கே நீந்தினார். ஆறடி ஆழத்தில் இதமாகச் சூடேற்றிய கடல்நீர் அளித்த சுகத்தைப் பிறகு தம் நூலில் பதிவு செய்தார். கப்பல் மூழ்கியதால், அடுத்த விடியலுக்கு முன்பே அவர் மைனஸ் 2 டிகிரி அட்லாண்டிக் நீரில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். தப்பினாலும், அதே ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார். காலையில் அவரைச் சுகப்படுத்தியதும் இரவில் வதைத்ததும் ஒரே அட்லாண்டிக் நீர்தான். இடையில் இருந்தது கரி கொடுத்த சூடு. கப்பல் குளங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிட என்னை உலுக்கிய பதிவு வேறில்லை.

பிறகு குளம் வெயிலைத் தேடி மேலே ஏறியது. இத்தாலியக் கப்பல்கள் இதில் முன்னால் நின்றன. 1932-இல் வந்த 'ரெக்ஸ்' திறந்த தளத்தில் நீந்தும் இன்பத்தையே தன் பெருமையாக்கிக்கொண்டது. சூட்டுக்கு அப்போதுதான் சோதனை தொடங்கியது. மேல்தளத்தில் காற்று ஓயாது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகிப் பறக்கும்போது, எஞ்சிய நீரில் 580 லிட்டரை ஒரு டிகிரி குளிர வைத்துவிடும். கப்பல் வேகமெடுக்க, காற்றின் திருட்டும் கூடும்.

இன்று அந்தச் சூடு பிறப்பது பெரும்பாலும் டீசல் இன்ஜின்களில். எரிக்கும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ பாதிதான் மின்சாரமாகவும் ஓட்டமாகவும் மாறுகிறது. மீதி, புகையோடும் இன்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரோடும் வெளியேறுகிறது. 80, 90 டிகிரியில் வரும் அந்த நீரைக் கடலில் கொட்டிவிடுவதில்லை. அதன் சூட்டைக் கொண்டுதான் வெற்றிடக் கலன்களில் கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீர் எடுக்கிறார்கள். அதே சூட்டில் ஒரு பங்கு வெப்பமாற்றிக்குப் போகிறது. மெல்லிய தகடுகளின் ஒரு பக்கம் சூடான நீர், மறுபக்கம் குளத்து நீர். இரண்டும் கலப்பதே இல்லை, சூடு மட்டும் கைமாறுகிறது. அங்கிருந்து பம்பின் தள்ளலில் தளம் தளமாக மேலே ஏறுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கன மீட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்கு உயர்த்தச் சுமார் 2,100 யூனிட் ஆற்றல் வேண்டும். 10 மெகாவாட் மின்சாரம் தரும் ஓர் இன்ஜின், ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தைக் கழிவாகவும் தள்ளுகிறது. அது முழுவதும் கைக்கு வராது. வந்தால், கால் மணி நேரத்துக்குள் குளம் தயார்!

கரீபியனில் இந்தப் பாடே தேவையில்லை. அங்கே கடலே 27, 28 டிகிரியில் இருக்கிறது. நேரடியாகக் கடல்நீர் ஓடும் குளங்களுக்கு அமெரிக்கச் சுகாதார விதி ஒன்று உண்டு: கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் நிரப்பலாம். டைட்டானிக் காலத்து எச்சரிக்கை இன்று சட்டமாகியிருக்கிறது. அலாஸ்காவில் கதை வேறு. அங்கே சூடேற்றினால் மட்டும் போதாது, மூடவும் வேண்டும். ஹாலண்ட் அமெரிக்கா கப்பல்களின் லிடோ குளத்துக்கு மேல் நகரும் கண்ணாடிக் கூரை இருப்பது அதற்காகத்தான். குளிர்க் கடலுக்குப் போகிறவர்கள் குளம் சூடா என்று கேட்பதற்கு முன் கூரை உண்டா என்று கேட்பது நல்லது.

துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது இன்ஜின்களின் வேலை குறைகிறது. அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்தில் 2001 முதல் கரை மின்சாரமே கிடைக்கிறது. அதில் இணைந்த கப்பல் தன் இன்ஜின்களை நிறுத்திவிடலாம். ஊரின் காற்றுக்கு அது பெரிய நன்மை. ஆனால் இன்ஜின் ஓய்ந்தால் இலவசச் சூடும் ஓய்ந்துவிடும். வெந்நீருக்கும் குளத்துக்கும் பெரும்பாலும் எண்ணெய்க் கொதிகலனைத்தான் மூட்ட வேண்டும். வீணாகப் போகும் சூட்டில் நீந்துவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. திறந்த வானத்தின் கீழ் ஆவியாகப் பறப்பதற்கென்றே எண்ணெய் எரிப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அத்தகைய நாட்களில் குளத்தைக் குளிர விட்டுவிடுவதே முறை.