தபால்காரரின் திறப்புக்கோர்வையைப் பறித்த கதை

எங்கள் அச்சுவேலிப் பக்கத்தில் தபால்காரர் படலையைத் தாண்டி உள்ளே வருவதில்லை. சைக்கிளை வேலியோரம் நிறுத்தி மணியை இரண்டு தரம் அடிப்பார். பதிவுத்தபால் என்றால் ஆள் வந்து கையொப்பம் வைக்கும்வரை அங்கேயே நிற்பார். வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் நிற்கும் இடம் மாறாது. "தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டால் வருவார். ஆனால் அப்போது வருவது ஊர்க்காரர். தபால் பை சைக்கிளிலேயே தொங்கும்.

கணினிக்குள் இருக்கும் தபால்காரருக்கு இந்தப் பழக்கம் வர ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் 1979 இல் ஒரு சிறிய அஞ்சல் புரோகிராமை எழுதினார். அதிலிருந்து வளர்ந்த செண்ட்மெயில் 1983 இல் பெர்க்லி யுனிக்ஸோடு சேர்ந்து உலகமெல்லாம் போனது. அந்தப் புரோகிராமின் தொழிலை யோசித்துப் பாருங்கள். ஊர்பேர் தெரியாத எவர் கொண்டுவந்து நீட்டினாலும் கடிதத்தை வாங்கவேண்டும். வாங்கியதை அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரின் பெட்டிக்குள்ளும் போடவேண்டும். ஒவ்வொருவரின் பெட்டியும் அவரவர் பெயரில் பூட்டியிருக்கிறது. ஆகவே எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் திறப்பை, யுனிக்ஸ்காரர் 'றூட்' என்று சொல்லும் அதிகாரத்தை, தூக்கி அதன் கையில் கொடுத்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவனோடு அதிகம் பேசும் வேலையாளிடமே வீட்டின் முழுத் திறப்புக்கோர்வையும் போய்ச் சேர்ந்தது.

போதாக்குறைக்கு இன்னொரு வசதியும் இருந்தது. தனக்கு வரும் கடிதத்தை வேறிடத்துக்கு அனுப்பவோ, ஒரு புரோகிராமிடம் கொடுத்து ஓடவிடவோ ஒருவர் தன் வீட்டுக் கோப்புறையில் குறிப்பு எழுதி வைக்கலாம். தபால்காரர் அதைப் படித்து அதன்படி செய்வார். அஞ்சல் விநியோகத்தைப் பூட்டிக் காப்பது மற்றச் சேவைகளைக் காப்பதைவிடக் கடினமாக இருப்பதற்கு இதுதான் வேர் என்பது என் கணிப்பு. வலைச் சேர்வர் தன் கடையில் இருந்தபடி சாமான் கொடுக்கிறது. தபால்காரரோ வீடு வீடாகப் போய், அந்தந்த வீட்டார் சொன்னதையும் செய்யவேண்டியிருக்கிறது.

1988 நவம்பர் 2 ஆம் திகதி ரொபர்ட் மொரிஸ் என்ற மாணவர் ஒரு புழுவை அவிழ்த்துவிட்டார். அது புகுந்த வழிகளில் ஒன்று செண்ட்மெயில். பிழை பார்ப்பதற்கென்று வைத்திருந்த ஒரு வசதி பல இடங்களில் அணைக்கப்படாமல் கிடந்தது. பெறுநர் முகவரி இருக்கவேண்டிய இடத்தில் புழு ஒரு கட்டளையை எழுதியது. செண்ட்மெயில் அதை ஓடவிட்டது. கடித உறையில் 'இன்னார், அச்சுவேலி' என்பதற்குப் பதிலாக 'அலுமாரியைத் திற' என்று எழுதியிருக்க, தபால்காரர் போய்த் திறந்த மாதிரி. அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 பாதிக்கப்பட்டன என்பது வழமையாகச் சொல்லும் மதிப்பீடு.

முதல் வைத்தியம், தபால்காரரைப் பல பேராகப் பிரிப்பது. டானியல் பேர்ன்ஸ்டைன் கியூமெயிலை அப்படித்தான் எழுதினார். 1997 இல் அதில் பாதுகாப்பு ஓட்டை காட்டுபவருக்கு 500 டொலர் பரிசும் அறிவித்தார். ஐபிஎம் ஆய்வுகூடத்தில் இருந்த வீட்சே வெனிமா 1998 இல் போஸ்ட்ஃபிக்ஸை வெளியிட்டார். அதில் வாசலில் நின்று வாங்குபவர் ஒருவர், சுத்தம் செய்பவர் ஒருவர், வரிசையைப் பார்ப்பவர் ஒருவர், பெட்டிக்குள் போடுபவர் இன்னொருவர். வாசலில் நிற்பவரிடம் எந்தத் திறப்பும் இல்லை. நல்ல வேலை. ஆனால் பெட்டிக்குள் போடுபவர் இன்னமும் றூட்டாகத்தான் புறப்படவேண்டும். போகும் வீட்டுக்காரரின் வேடத்தைப் பிறகுதான் போடுவார். ஆக, கடைசித் திறப்பு இன்னும் ஒருவர் மடியில் இருந்தது.

இங்கேதான் 'கட்டாய அணுகல் கட்டுப்பாடு' கதைக்குள் வருகிறது. கொழும்பில் இருப்பவருக்கு இந்தச் சொல்லை விளக்க நேரம் எடுக்கும். எங்கள் ஊர்ச்சனத்துக்கு விளக்கவே தேவையில்லை. படலை வீட்டுக்காரருடையது, யாரை விடுவது, யாரை மறிப்பது என்பது அவர் விருப்பம். யுனிக்ஸின் பழைய முறை அது. சென்றி, அதாவது படையினர் ஆளை மறிக்கும் காவலரண், வேறு. 1990 இல் பலாலியைச் சுற்றியிருந்த சனம் இடம்பெயர்ந்தது. பின்னர் அந்த இடங்கள் உயர் பாதுகாப்பு வலயம் ஆகின. காணி உறுதி கையில் இருந்தும், வீட்டுத் திறப்பு சேலைத் தலைப்பில் முடிந்திருந்தும், சொந்த வளவுக்குள் கால் வைக்க முடியாமல் ஆண்டுக்கணக்காக இருந்தவர்கள் எத்தனை பேர். உரிமையாளரின் விருப்பத்துக்கு மேலே நிற்கும் விதி என்றால் இதுதான். மனிசரை அப்படி நடத்தியது கொடுமை. புரோகிராமை அப்படி நடத்தாமல் விட்டதுதான் கணினித்துறை செய்த தவறு.

இந்த விதியும் படைமுகாமில்தான் பிறந்தது. 1973 இல் டேவிட் பெல், லெனார்ட் லாபடுலா இருவரும் அமெரிக்க விமானப்படைக்காகக் கணக்கு வடிவில் ஒரு மாதிரியை எழுதினார்கள்: கீழ்நிலையில் உள்ளவர் மேல்நிலை இரகசியத்தைப் படிக்கக்கூடாது, மேல்நிலையில் உள்ளவர் கீழே எழுதக்கூடாது. தளபதிகளுக்கு இது சரி. தபால்காரருக்குச் சரிவராது; அவருடைய சிக்கல் மேல் கீழ் பற்றியதல்ல, எந்த வேலைக்கு எந்த இடம் என்பது. அதற்கான விடையை 1985 இல் போபர்ட், கெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் கொடுத்தார்கள். ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு வில்லை, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வில்லை. எந்த வில்லை எந்த வில்லையைத் தொடலாம் என்று ஓர் அட்டவணை. அட்டவணையில் எழுதாதது எல்லாம் மறுப்பு.

அதே எண்ணம் பல ஆய்வுத் திட்டங்கள் கடந்து, 2000 டிசெம்பரில் எஸ்.ஈ.லினக்ஸ் என்ற பெயரில் பொதுவெளிக்கு வந்தது. வெளியிட்டது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம். ஊரார் கடிதத்தைப் படிப்பதைத் தொழிலாகக் கொண்ட இடம், கடிதத்தைக் காக்கும் பூட்டையும் மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்தது! மறு வருடம் லினக்ஸ் கருவோடு சேர்க்கக் கேட்டபோது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு முறையை மட்டும் ஏற்கவில்லை. எந்த முறையும் வந்து பொருந்தக்கூடிய பொதுச் சட்டகம் வேண்டும் என்றார். அது கட்டி முடிந்து, 2003 டிசெம்பரில் வந்த 2.6 பதிப்பில் எஸ்.ஈ.லினக்ஸும் உள்ளே இருந்தது.

சென்றி வந்துவிட்டது, பாஸ் எழுத ஆள் வேண்டுமே. போஸ்ட்ஃபிக்ஸுக்கான பழைய கொள்கைக் கோப்பின் (அந்த வில்லை அட்டவணையின்) தலைப்பில் இருக்கும் பெயர் ரசல் கோக்கர். அவுஸ்திரேலியர். றூட்டின் கடவுச்சொல்லை ஊரறியச் சொல்லிவிட்டு, யாரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று ஒரு கணினியை இணையத்தில் திறந்து வைத்தவர் அவர். எஸ்.ஈ.லினக்ஸில் றூட்டும் வில்லை போட்ட இன்னொரு ஆள்தான் என்பதைக் காட்ட அதைவிட நல்ல வழி இருந்திருக்காது. வெனிமா தபால்காரரை ஏற்கெனவே பல பேராகப் பிரித்திருந்ததால் கொள்கை எழுதுவது சுலபமானது: ஒவ்வொருவருக்கும் தனி வில்லை. வாசலில் வாங்குபவருக்கு அஞ்சல் வரும் 25 ஆம் துறை உண்டு. வீட்டுக் கோப்புறைகள் இல்லை. பெட்டிக்குள் போடுபவருக்கு அஞ்சல் பெட்டிகள் உண்டு. கடவுச்சொல் கோப்பு இல்லை, அவர் றூட்டாகவே இருந்தாலும்.

இப்படியான கொள்கையை யாரும் ஒரே இருப்பில் எழுதி முடிப்பதில்லை. முதலில் சென்றியை மறிக்காமல் குறிப்பு மட்டும் எழுதச் சொல்வார்கள். தபால்காரர் தன் வேலையைச் செய்வார், குறிப்பேடு நிரம்பும். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக, இது தேவையா, இல்லை புரோகிராமின் கெட்ட பழக்கமா என்று பார்த்து அனுமதி எழுதவேண்டும். குறிப்பேட்டை அப்படியே அனுமதியாக மாற்றித் தரும் ஒரு கருவியும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு அதைப் பாவித்தால் கள்ளனுக்கும் சேர்த்துப் பாஸ் எழுதியதாகிவிடும்.

2004 மே மாதம் வந்த ஃபெடோரா கோர் 2 என்ற லினக்ஸ் தொகுப்பில் எல்லோரையும் மறிக்கும் கொள்கை இருந்தது. சோதனைப் பதிப்பில் அது பட்ட பாட்டைப் பார்த்து, இறுதிப் பதிப்பில் அணைத்தே அனுப்பினார்கள். நவம்பரில் வந்த அடுத்த பதிப்பு, வலைச் சேர்வர், பெயர்ச் சேர்வர் என்று சில சேவைகளை மட்டும் மறித்தது. அஞ்சல் விநியோகம் அந்தப் பட்டியலில் இல்லை. வீடு வீடாகப் போகிறவரை அடைப்பது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்கும் விளங்கியிருக்கவேண்டும். பிந்திய பதிப்புகளில்தான் தபால்காரரும் உள்ளே வந்தார்.

நான் போய் உதவிய ஓர் அலுவலகத்தில் டிஸ்க் நிரம்பி, அஞ்சல் பெட்டிகளைப் புது டிஸ்க்குக்கு மாற்றினார்கள். வில்லைகள் பிழையாகிவிட்டன. கடிதங்கள் ஒன்றும் பெட்டிக்குள் விழவில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் கைவிடாது; வழமையாக 5 நாள் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும். அவர்களுக்கு ஐந்து மணித்தியாலமே பொறுக்கவில்லை. யாரோ சென்றிக்கு 'மறிக்காதே' என்று ஒரு வரிக் கட்டளை கொடுத்தார், மெயில் ஓடியது, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நான் பார்க்கும்போது இரண்டு வருடம் கடந்திருந்தது. வில்லைகளைத் திரும்ப ஒட்ட 'றீஸ்டோர்கொன்' என்ற ஒரே கட்டளை, ஒரு நிமிடம்கூட இல்லை.

2019 ஜூனில் எக்சிம் என்ற அஞ்சல் சேர்வரில் ஓர் ஓட்டை வெளிவந்தது: பெறுநர் முகவரிக்குள் கட்டளை எழுதினால் அது ஓடும், றூட்டாகவே. மொரிஸின் புழுவுக்கு ஏறக்குறைய 31 வருடம் கழித்து அதே முகவரி, அதே அலுமாரி.

உங்கள் கந்தோரில் எஸ்.ஈ.லினக்ஸ் உள்ள மெயில் சேர்வர் இருந்தால் 'கெற்என்ஃபோர்ஸ்' என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். 'பெர்மிசிவ்', அதாவது சென்றி மறிக்கவில்லை, என்று பதில் வந்தால், எப்போதிருந்து அப்படி என்று யாரிடமாவது கேளுங்கள்.