திரவ நைதரசனும் ஆய்வுகூட விதிகளின் வரலாறும்

ஆய்வுகூடத்திற் புதிதாக நுழையும் மாணவனுக்குத் திரவ நைதரசன் பற்றிக் கூறப்படும் விதிகள் சிலவே. கண்ணையும் முகத்தையும் காப்பிட்டு மறைத்தல் வேண்டும். இறுக மூடிய கலத்தில் அதனை இடலாகாது. காற்றோட்டமற்ற அறையிற் கையாளலாகாது. இவை வெறுஞ் சம்பிரதாயங்களாகத் தோன்றலாம். ஆயின், இவ்விதிகளின் பின்னே விபத்துக்களின் நீண்ட வரலாறு உண்டு. அவ்விபத்துக்களாற் பேரிழப்புக்கு ஆளானோர் பெரும்பாலும் பாடநூல்கள் போற்றும் பேராசிரியர்கள் அல்லர், அவர்தம் உதவியாளர்களே.

வாயுக்களைத் திரவமாக்கும் முயற்சி அமுக்கத்தோடு தொடங்கியது. 1823 இல் மைக்கல் பரடே மூடிய கண்ணாடிக் குழாயினுள்ளே குளோரீனைத் திரவமாக்கினார். அக்காலத்தில் அவரும் இலண்டன் அரச நிறுவனத்தில் ஓர் உதவியாளரே. குழாய்கள் வெடித்தபோது கண்ணாடித் துண்டுகள் அவர் கண்களைத் தாக்கின. 1840 இல் பாரிசு நகரிலே, காபனீரொட்சைட்டைத் திரவமாக்குதற்குத் திலோரியே அமைத்த முறையிலான வார்ப்பிரும்புக் கலமொன்று வெடித்தது. அதனை இயக்கிய ஒஸ்மின் ஏர்வி என்னும் உதவியாளர் படுகாயமுற்று இறந்தார்.

1883 இல் போலந்து அறிஞரான விரொப்லெவுஸ்கியும் ஒல்செவுஸ்கியும் கிராக்கோவ் நகரில் ஒட்சிசனையும் நைதரசனையும் திரவமாக்கினர். நைதரசனின் கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியசு. அத்தகு திரவத்தைப் பேணி வைத்தற்கு 1892 இல் ஜேம்ஸ் டியூவர் இரட்டைச் சுவருடைய வெற்றிடக் குடுவையை அமைத்தார். 1898 இல் ஐதரசனையும் அவர் திரவமாக்கினார். அவருடைய குடுவையை அறியாத ஆய்வுகூடம் இல்லை. ஆனால், அவரிடம் பணியாற்றிய லெனொக்ஸ், ஹீத் ஆகிய இருவரும் வெடிப்புக்களில் ஒவ்வொரு கண்ணை இழந்தமையை அறிந்தோர் மிகச் சிலரே.

ஒல்லாந்தின் லைடன் நகரில் நிகழ்ந்தது இவ்விடத்தில் நோக்கற்பாலது. 1807 இல் வெடிமருந்துக் கப்பலொன்று வெடித்து அந்நகரின் ஒரு பகுதி அழிந்திருந்தது. அழிந்த அந்நிலப்பகுதியிலேயே கமலிங் ஒன்னசின் ஆய்வுகூடம் அமைந்தது. அமுக்கப்பட்ட வாயுக்கள் அங்கே இருப்பதை அறிந்து நகரத்தார் அஞ்ச, 1895 இல் அவருடைய தண்மை ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. தடை நீங்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சென்றன. 1901 இல் ஒன்னசு கருவியமைப்போரையும் கண்ணாடி ஊதுவோரையும் முறையாகப் பயிற்றும் ஏற்பாட்டை நிறுவினார். 1908 யூலை 10 ஆம் நாள் அங்கே ஈலியம் திரவமாக்கப்பட்டபோது, பிளிம் என்னும் கைவினைஞரும் அவ்வெற்றியிற் பங்குகொண்டார். உதவியாளரைப் பயிற்றுவதாற் காலம் வீணாகும் என்போர்க்கு லைடன் தக்க விடையாகும்.

1895 இல் லிண்டே கண்ட முறையாற் காற்றைத் திரவமாக்குதல் பெருந்தொழிலாயிற்று. திரவ நைதரசன் எங்கும் எளிதிற் கிடைத்தது, அச்சமும் குறைந்தது. ஆயினும் அதன் இயல்பு மாறவில்லை. சாதாரண வெப்பநிலையில் வாயுவாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 700 மடங்காகும். 2006 இல் அமெரிக்காவின் டெக்சாசிலே ஒரு பல்கலைக்கழகத்தில், அமுக்கத்தை வெளிவிடும் வழிகள் உலோக அடைப்பான்களால் அடைக்கப்பட்டிருந்த கலமொன்று வெடித்துக் கூரையைத் துளைத்துச் சென்றது. அதிகாலை வேளையாதலின் அங்கே எவரும் இருக்கவில்லை.

வெடியோசையின்றியும் உயிர் போவதுண்டு. ஆவியாகும் நைதரசன் அறையிலுள்ள ஒட்சிசனின் விகிதத்தைக் குறைக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூச்சுத்திணறலை உணர்த்துவது உடலிற் பெருகும் காபனீரொட்சைட்டாதலின், ஒட்சிசன் குறைவதை உடல் முன்னறிவிப்பதில்லை. மனிதன் உணர்விழந்து வீழ்கிறான். 1999 இல் எடின்பரோ நகரின் ஆய்வு நிலையமொன்றில் இவ்வாறு உயிரிழந்தவரும் ஒரு தொழினுட்ப உதவியாளரே.

ஏர்வியின் மரணத்துக்கும் இம்மரணத்துக்கும் இடையே 159 ஆண்டுகள் கழிந்தன. கருவிகள் மாறின, அவற்றின் அருகே நிற்பவர் மாறவில்லை. சுவரில் தொங்கும் விதிப்பட்டியலைப் படிக்கும் மாணவரும், அதனைப் படிப்பித்து உதவியாளரை அறைக்குள் அனுப்பும் ஆசிரியரும் இதனை மறத்தலாகாது.