பந்தயக் காரின் வெள்ளையும் புல்மோட்டையின் கறுப்பு மணலும்

தீப்பெட்டிக்குள் அடங்குகிற ஒரு பந்தயக் கார். மேசையில் பாதை விரித்து, பகடை உருட்டி, எதிராளியின் காரை இடித்துத் தள்ளுகிற ஒரு விளையாட்டுக்கு அது போகப்போகுது. அதுக்கு முதல் பெயின்ற் அடிக்க வேணும். பழைய பூச்சைக் கழற்றிக் கழுவிக் காயவிட்டு, முழுக் காருக்கும் ஒரு அண்டர்கோட் போடுவாங்க. சிவப்போ மஞ்சளோ அடிக்கிறதென்றால் அந்த அண்டர்கோட் வெள்ளையாக இருக்கிறது நல்லது. கறுப்புக்கு மேல் மஞ்சள் அடித்தால் அது பாசி பிடித்த மாதிரித்தான் தெரியும்.

அந்த வெள்ளை எங்கிருந்து வருது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், புல்மோட்டைக் கடற்கரையில் வந்து நிற்கலாம். திருகோணமலையிலிருந்து வடக்கே 50 கிலோமீற்றருக்கு மேல் போனால் வருகிற ஊர் அது. இந்தக் கட்டுரையில் நாங்கள் அந்த வழியால்தான் போகப்போகிறோம்.

முதலில் விளையாட்டு. போரை மேசையில் ஆடுவது புதிய பழக்கம் இல்லை. சதுரங்கம் எங்கட பக்கத்தில் இருந்து போனதுதான். பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1812இல் தன் அரசருக்கு ஒரு போர் விளையாட்டை ஆடிக் காட்டினார். அவருடைய மகன் 1824இல் அதை விதிகளோடு அச்சிட்டார். இராணுவ அதிகாரிகளைப் பழக்கவே அது பயன்பட்டது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டுத் தரையில் ஆடும் விதிகளைப் புத்தகமாகப் போட்டார். அந்தக் காலத்துப் பொம்மைச் சிப்பாய்கள் ஈயக் கலவையில் வார்த்தவை.

கார்கள் இதுக்குள் வந்தது பிறகு. லண்டனில் லெஸ்னி கம்பனியின் ஜாக் ஓடெல், தன் மகளுக்காகத் தீப்பெட்டிக்குள் அடங்கும் சின்ன ரோட் ரோலர் ஒன்றைச் செய்தார். தீப்பெட்டிக்குள் அடங்குகிற விளையாட்டுச் சாமானை மட்டும்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது அங்கே விதி. 1953இல் மட்ச்பொக்ஸ் கார்கள் பிறந்த கதை அது. அமெரிக்காவில் மட்டெல் கம்பனி 1968இல் ஹொட் வீல்ஸைக் கொண்டுவந்தது. 2017இல் மைக் ஹச்சின்சன் எழுதிய 'காஸ்லாண்ட்ஸ்' விதிப் புத்தகம் இந்தக் கார்களையே போர் விளையாட்டுக்குள் இழுத்தது. உலகம் அழிஞ்ச பிறகு நடக்கிற பந்தயம் என்பது அதன் கற்பனை. கடையில் வாங்கின காருக்குத் துவக்கு ஒட்டி, துரு வரைஞ்சு, இலக்கம் எழுதி ஆடுவாங்க.

பந்தயக் காரின் நிறத்துக்கும் ஒரு அரசியல் வரலாறு இருக்கு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கார் எந்தக் கம்பனியுடையது என்பதை விட எந்த நாட்டுடையது என்பதைத்தான் நிறம் சொன்னது. இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம், பிரித்தானியாவுக்குப் பச்சை, ஜேர்மனிக்கு வெள்ளை. 1934இல் நூர்பர்க்ரிங் பந்தயத்துக்கு வந்த மெர்சிடிஸ் கார் 750 கிலோ எல்லையை விட ஒரு கிலோ கூடிப் போனதாம். இரவோடு இரவாக வெள்ளைப் பெயின்ற்றைச் சுரண்டி எடுக்க உள்ளே இருந்த வெள்ளி நிற உலோகம் வெளிய வந்ததாம். அணியின் மனேஜர் அல்ஃபிரட் நொய்பவர் பிறகு சொன்ன கதை இது. வரலாற்று ஆய்வாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. அந்தப் பந்தயத்துக்கு எடை எல்லையே இருக்கவில்லை என்றும், வெள்ளி நிறக் கார் அதுக்கு முன்னமே 1932இல் ஓடிவிட்டது என்றும் காட்டுகிறாங்க. ஆனாலும் கதை நிலைச்சுப்போச்சு. பெயின்ற்றுக்கும் எடை இருக்கு, அது ஒரு பொருள் என்பதை அந்தக் கதை ஞாபகப்படுத்துது. பொருள் என்றால் அது எங்கேயோ இருந்து தோண்டி எடுக்கப்பட்டிருக்க வேணும்.

பல நூற்றாண்டுகளாக வெள்ளை என்றால் ஈயவெள்ளைதான். நன்றாக மறைக்கும், நீண்ட காலம் நிற்கும். அதைச் செய்தவர்களையும் அடித்தவர்களையும் நஞ்சாகக் கொல்லவும் செய்தது. கட்டடங்களின் உள்பக்கம் ஈயவெள்ளை அடிப்பதைக் கட்டுப்படுத்தி சர்வதேசத் தொழில் அமைப்பு 1921இலேயே ஒரு சமவாயம் கொண்டுவந்தது. சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்கிற சாமானில் அது இருப்பதன் ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை.

அந்த இடத்தைப் பிடித்தது தைத்தேனியம் வெள்ளை. வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் 1791இல் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் கறுப்பு மணலை ஆராயும்போது இந்தத் தனிமத்தைக் கண்டார். 1795இல் கிளாப்ரொத் அதுக்குத் தைத்தேனியம் என்று பெயர் வைத்தார். அதிலிருந்து வெள்ளைப் பொடி செய்து விற்கத் தொடங்கியது 1916 அளவில், நோர்வேயிலும் அமெரிக்காவிலும். தைத்தேனியமீரொட்சைட்டின் ரூட்டைல் வடிவம் வைரத்தை விடக் கூடுதலாக ஒளியை முறிக்கும். அதனால் மெல்லிய படையே அடியில் இருப்பதை மறைச்சுவிடும். சின்னக் காருக்கு இது முக்கியம். பூச்சு தடித்தால் கதவின் கோடும் சில்லின் கம்பியும் நிரம்பி அழிஞ்சுபோகும். அதனால்தான் பெயின்ற்றைத் தண்ணி விட்டு இளக்கி, இரண்டு மூன்று தரம் மெல்லிசாக அடிக்கச் சொல்லுறாங்க.

வெள்ளைப் பொடி கறுப்பு மணலில் இருந்து வருது என்பதுதான் இதில் வேடிக்கை. அந்தக் கறுப்பு மணி இல்மனைட், இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. புல்மோட்டைக் கரையில் சில கிலோமீற்றர் நீளத்துக்கு இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கோனும் செறிஞ்சு கிடக்கு. உள்நாட்டுப் பாறைகள் சிதைஞ்சு, ஆறுகள் கொண்டுவந்து கடலில் சேர்த்ததை, வாடைக்காற்றுக் காலத்து அலை கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும். பாரமான மணி கரையில் தங்கும், இலேசான மணலைக் கடல் திரும்ப எடுத்துக்கொள்ளும். கழுவிக் காயவைத்த மணலில் இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். மிஞ்சியதில் ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்க்கோன் கடத்தாது. அதை வைத்து இரண்டையும் பிரிப்பாங்க.

இதுக்காகத்தான் 1957இல் இலங்கை கனிய மணல் கூட்டுத்தாபனம் உருவானது. இன்றைக்கு அது லங்கா மினரல் சேன்ட்ஸ் என்ற அரச கம்பனி. முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழுகிற, மீன்பிடியையும் வயலையும் நம்பின ஊருக்குள் ஒரு பெரிய அரச ஆலை வந்தது. சிலருக்குச் சம்பளம் வந்தது. மணல் கப்பலேறியது.

பிறகு மேசையில் ஆடாத போர் வந்தது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைட் ஏற்றிக்கொண்டு நின்ற 'கோர்டியலிட்டி' என்ற கப்பலை விடுதலைப் புலிகள் தாக்கினார்கள். கப்பலில் வேலை செய்த சீன மாலுமிகளும் அதில் உயிரிழந்தார்கள். 2009 மார்ச்சில் இதே புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஒரு கள வைத்தியசாலை போட்டது. முல்லைத்தீவுக் கரையில் இருந்து கப்பலில் ஏற்றப்பட்ட காயக்காரரை அங்கேதான் இறக்கினார்கள். உலகம் அழிஞ்ச பிறகு என்று விளையாட்டில் கற்பனை செய்கிறாங்க. அந்த மாதங்களில் இந்தக் கரையில் வந்து இறங்கியவர்களுக்கு அது கற்பனை இல்லை.

இப்ப எங்கட கேள்வி. மணல் எங்கட, வெள்ளை ஏன் வெளியில் இருந்து வருது? புல்மோட்டை இல்மனைட்டில் பாதிக்குச் சற்றுக் கூடத் தைத்தேனியமீரொட்சைட்டுத்தான். ஆனால் அது மணலாகவே கப்பலேறும், பொடியாகவும் பெயின்ற்றாகவும் பல மடங்கு விலையில் திரும்ப வரும். கடலுக்கு அந்தப் பக்கம் கதை வேறு. அங்கே 1909இல் மணவாளக்குறிச்சிக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் ஷொம்பர்க் என்ற ஜேர்மனியர் அந்தக் கரையின் கனிமங்களைக் கண்டுபிடித்தார். 1946இல் திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. அந்தக் கரை தன் மணலை வெள்ளையாக்கக் கற்றுக்கொண்டது.

ஆனால் இதை "அவங்க செய்தாங்க, நாங்கள் செய்யவில்லை" என்று முடிக்கேலாது. கந்தக அமிலத்தில் இல்மனைட்டைக் கரைக்கும் முறையில் கிடைக்கிற பொடியை விடக் கழிவு கூட. திருவனந்தபுரத்தின் வேளிக் கடற்கரை மீனவர்கள் அமிலக் கழிவைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். புல்மோட்டையில் அப்படி ஒரு ஆலை வந்தால் கரைவலை இழுக்கிறவருக்கு என்ன மிஞ்சும்? ஆலை வராமல் மணல் மட்டும் போய்க்கொண்டிருந்தால், கரை அரிச்சுப் போகிற நட்டம் யாருக்கு? இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகத்தான் கேட்க வேணும். கேட்கிற மேசையில் அந்தக் கரையில் வாழுகிறவர்களும் இருக்க வேணும்.

வெள்ளைப் பெயின்ற் போத்தலில் எந்த ஊரின் பெயரும் இருக்காது. அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, இந்தியா, இலங்கை என்று பல கரைகளின் மணல் உலைக்குள் போனதும் ஒரே பொடியாகிவிடும். ராசாக்களின் வரலாறு எங்கட பாடப்புத்தகத்தில் இருக்கு, இந்த மணலின் வரலாற்றுக்கு இடமில்லை. ஆலையில் வேலை செய்தவர்கள், கப்பலுக்கு மணல் ஏற்றியவர்கள், 2009இல் காயக்காரரைத் தூக்கி இறக்கியவர்கள் இன்னும் புல்மோட்டையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுகிற வேலையை எங்கட தலைமுறைதான் செய்ய வேணும். பந்தயக் காருக்கு வெள்ளை அடிக்கிற பிள்ளைக்கு அந்தக் கரையின் பெயராவது தெரிஞ்சிருக்கட்டும்.