வெண்கலச் சக்கரமும் அப்பாவின் அரமும்

இந்தப் பக்கம் தலைகாட்டி நாலு மாசம் ஆச்சு. தீசிஸ் கழுத்தை நெரிச்சுக்கிட்டு இருக்கு, கைடு முகத்தைப் பார்த்தாலே வயித்தைக் கலக்குது. அதையெல்லாம் விட்டுட்டு இன்னிக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம், ஒரு பழைய பாவத்துக்குப் பரிகாரம் பண்ண வேண்டியிருக்கு.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, இரண்டாயிரம் வருசத்துப் பழைய கம்ப்யூட்டரைச் செஞ்சது மனிதனா வேற்றுக்கிரகவாசியான்னு ஒரு பதிவு போட்டேன், ஞாபகம் இருக்கா? ஒரு வீடியோவைப் பார்த்துட்டு அரை மணி நேரத்துல அடிச்ச ஜல்லி அது. என் பதிவுகளிலேயே அதிகம் பேர் படிச்சது அதுதான். மாங்கு மாங்குன்னு எழுதுன பதிவையெல்லாம் ஈ காக்கா சீண்டலை :-) அதுல நான் கேட்டிருந்த கேள்வி: "இவ்வளவு நுணுக்கமான பல்சக்கரங்களை அந்தக் காலத்து மனிதன் கையால் செய்திருக்க முடியுமா?"

அப்பாவும் அதைப் படிச்சிருக்கார். போன மாசம் வரைக்கும் எனக்கு அது தெரியாது.

அப்பா யாருன்னு புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிடறேன். கும்பகோணத்துல முப்பது வருசத்துக்கு மேல வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருந்தவர். கண்ணுல ஒத்தை லென்ஸை இடுக்கிக்கிட்டு, எச்.எம்.டி வாட்சின் குடலை உருவி வெள்ளைத் துணி மேல பரப்பி வச்சிருப்பார். மின்விசிறியைப் போட்டா அடி விழும். எல்லார் கையிலயும் செல்போன் வந்தப்புறம் மணி பார்க்க வாட்ச் எதுக்குன்னு ஆயிடுச்சு. 2019ல கடையை மூடிட்டார்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஈஸ்டர் லீவுல மலிவா டிக்கெட் கிடைச்சதுன்னு ஏதென்ஸ் போயிருந்தேன். தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துல, கூட்டமெல்லாம் பளிங்குச் சிலைகளைச் சுத்தி நிக்க, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாசி பிடிச்ச வரட்டி மாதிரி மூணு துண்டு. அதுதான் ஆண்டிகிதேரா இயந்திரம். பெரிய துண்டுல நாலு ஆரத்தோட ஒரு சக்கரம் கண்ணுக்கே தெரியுது. இதுக்கா இவ்வளவு அலட்டல்னு முதல்ல ஏமாற்றம்தான். அப்புறம் ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகர முடியலை.

கதை 1900ல தொடங்குது. கிரேக்க நாட்டு சிமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு எடுக்கும் ஆட்கள், புயலுக்குப் பயந்து ஆண்டிகிதேரா என்கிற குட்டித் தீவு ஓரமா ஒதுங்கினாங்க. சும்மா இருப்பானேன்னு எலியாஸ் ஸ்டாடியாட்டிஸ் என்பவர் நாற்பது மீட்டருக்கு மேல ஆழத்துல இறங்கிப் பார்த்துட்டு, அலறி அடிச்சுக்கிட்டு மேல வந்தார். அடியில மனுசப் பிணமும் குதிரைப் பிணமுமாக் கிடக்குதுன்னார். கேப்டன் திமித்ரியோஸ் கோண்டோஸ் தானே இறங்கி, ஒரு வெண்கலக் கையோட திரும்பினார். பிணங்கள் இல்லை, சிலைகள்! கி.மு. முதல் நூற்றாண்டுல, ஏறக்குறைய கி.மு. 70-60 வாக்கில், மூழ்கின சரக்குக் கப்பல் அது.

கிரேக்க அரசாங்கம் அதே ஆட்களை வச்சே 1901 வரை சரக்கை எடுத்துது. செப்புத் தலைக்கவசம், மேலேருந்து குழாயில காத்து, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஆழத்துலேருந்து வேகமா மேல வந்தா ரத்தத்துல காத்துக் குமிழி உண்டாகும்னு அந்த ஆட்களுக்கு யார் சொல்லுவா? ஒருத்தர் செத்தே போனார். ரெண்டு பேருக்கு கை கால் விழுந்துடுச்சு. அருங்காட்சியகத்துல நின்னு வியக்கிற நாம இந்த மூணு பேரை நினைக்கிறதே இல்லை.

சிலைகளுக்குத்தான் மவுசு. இந்த வெண்கல வரட்டியை யாரும் கண்டுக்கலை. 1902 மே மாசம் வலேரியோஸ் ஸ்டாயிஸ் என்ற தொல்லியலாளர் ஒரு துண்டுல பல்சக்கரம் தெரியறதைக் கவனிச்சார். அந்தக் காலத்துக் கிரேக்கர்களிடம் இப்படி ஒண்ணு இருந்திருக்கவே முடியாது, பின்னாடி வந்த கப்பல்லேருந்து விழுந்திருக்கும்னு சொன்னவங்களும் உண்டு.

ஐம்பதுகள்ல டெரெக் டி சொல்லா பிரைஸ் என்கிற அறிவியல் வரலாற்றாசிரியர் இதைப் பிடிச்சுக்கிட்டார். 1959ல 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழ்ல அவர் எழுதின கட்டுரைதான் 'புராதனக் கணினி'ங்கிற பேரை ஊருக்கெல்லாம் பரப்புச்சு. பிறகு ஊடுகதிர்ப் படங்களை வச்சுப் பல்லுப் பல்லா எண்ணி, 1974ல பெரிய ஆய்வை வெளியிட்டார். இதுக்கு நடுவுல, 1968ல எரிக் வான் டேனிகன் தேவர்கள் விண்கலத்துல வந்தாங்கன்னு புத்தகம் எழுதி உலகத்தையே கலக்கிட்டார். பல்லு எண்ணினவரை எத்தனை பேருக்குத் தெரியும்? விண்கலக்காரரை எல்லாருக்கும் தெரியும். நான் பதிவு எழுதினப்ப எனக்கும் ரெண்டாமவரைத்தான் தெரியும்.

2005ல எட்டு டன் எடையுள்ள ஸ்கேன் இயந்திரத்தை இங்கிலாந்துலேருந்து ஏதென்ஸுக்கே கொண்டுபோய், மொத்தம் 82 துண்டுகளையும் உள்ளே வரைக்கும் படம் பிடிச்சாங்க. 2006ல 'நேச்சர்' இதழ்ல முடிவு வந்துது. மிஞ்சி இருக்கிறது 30 பல்சக்கரம். ஷூ டப்பா மாதிரி ஒரு பெட்டி. பக்கத்துல ஒரு கைப்பிடியைச் சுத்தினா, முன்பக்கம் சூரியனும் சந்திரனும் ராசிச் சக்கரத்துல நகரும். பின்பக்கம் ரெண்டு பெரிய சுருள் முகப்பு. மேல உள்ளது 19 வருசத்துக்கான 235 மாச நாட்காட்டி. கீழ உள்ளது 223 மாசத்துக்கான கிரகண அட்டவணை. 18 வருசம், 11 நாள், 8 மணி நேரம் கழிச்சு கிரகணங்கள் அதே வரிசையில திரும்பி வரும்ங்கிறது பாபிலோனியர் கண்டுபிடிப்பு. அந்த எட்டு மணி நேரம் இடிக்குமே, அதுக்கும் ஒரு குட்டி முள் வச்சிருக்கான் மனுசன்! எட்டு கூட்டு, பதினாறு கூட்டு, சும்மா இருன்னு மூணே பிரிவு. ஒலிம்பிக் போட்டி எந்த வருசம் வரும்னு காட்டவும் ஒரு முகப்பு உண்டு.

இதுல என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு எண்: 127.

19 வருசத்துல சந்திரன் நட்சத்திரங்களுக்கு நடுவே 254 சுத்து சுத்தும். அதனால சூரிய முள் 19 தடவை சுத்தும்போது சந்திர முள் 254 தடவை சுத்தணும். 254ன்னா இரண்டு பெருக்கல் 127. 127 பகா எண், அதுக்கு மேல உடைக்க முடியாது. ஆக 127 பல்லு வச்ச சக்கரம் ஒண்ணு இருந்தே ஆகணும். இருக்கு. 64 பல்லு 38ஐச் சுத்தும், 48 பல்லு 24ஐச் சுத்தும், 127 பல்லு 32ஐச் சுத்தும். கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, சரியா 254/19 வரும். கிரகண முகப்புக்கு 223 பல்லு. அதுவும் பகா எண். வட்டத்தைப் பாதி, காலு, அரைக்கால்னு மடிச்சுக்கிட்டே போற வேலையெல்லாம் இங்க நடக்காது.

இன்னொண்ணு, சந்திரன் எப்பவும் ஒரே வேகத்துல போறதில்லை. அதுக்கு இவன் என்ன பண்ணினான்னா, 50 பல்லு சக்கரம் ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணா, மையம் ஒரு மில்லிமீட்டர் போல விலகியிருக்கும்படி வச்சான். ஒண்ணுல ஒரு ஆணி, மத்ததுல ஒரு நீளத் துளை. ஆணி துளைக்குள்ள முன்னும் பின்னும் வழுக்கும்போது மேல் சக்கரம் கொஞ்சம் வேகமாவும் கொஞ்சம் மெதுவாவும் சுத்தும். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துல வேலை பார்த்த மைக்கேல் ரைட் இந்த ஆணியையும் துளையையும் முன்னமே பார்த்திருந்தார். அது எதுக்குன்னு 2006ல டோனி ஃப்ரீத் குழு விளக்கிச்சு.

இங்க ஒரு இடைச்செருகல். சந்திரனோட இதே வேக மாற்றத்தை நம்ம வாக்கியப் பஞ்சாங்கக்காரங்க 248 வாக்கியங்களா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாங்க, ஒரு நாளைக்கு ஒண்ணு. 1825ல புதுச்சேரியில ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில சோழிகளை அடுக்கி, மனப்பாட வாய்ப்பாட்டை வச்சே சந்திர கிரகணத்தைக் கணிச்சதை ஜான் வாரன் பதிவு பண்ணியிருக்கார். தொடக்க நேரத்துல வந்த பிழை நாலே நிமிசம். முடியற நேரத்துல மட்டும் 52 நிமிசம் பிசகிடுச்சு :-) அந்த 248 நாள் கணக்கு பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருக்கு. ஓட்டோ நாய்கெபாவர் 1952ல 'தமிழ் வானியல்'னே தலைப்பு வச்சுக் கட்டுரை எழுதினார். உடனே "எல்லாம் நம்மகிட்டேருந்து போனது"ன்னு ஃபார்வேர்டு தட்டாதீங்க சாமி. அங்கேருந்து வந்ததுங்கறதுக்குத்தான் தடயம் அதிகம்.

ஏதென்ஸ்லேருந்து திரும்பினதும் அப்பாவுக்கு வீடியோ காலில் எல்லாத்தையும் அளந்துவிட்டேன். குறுக்க பேசாம கேட்டுட்டு, "பல்லு என்ன வடிவம்?"னு மட்டும் கேட்டார். முக்கோணம்னேன்.

"அரத்தால ராவினது. முக்கோண அரம். தகடு என்ன கனம்?"

"ஒண்ணு, ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும்பா."

"அப்ப கையாலதான். முக்கோணப் பல்லு ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும்டா. கொஞ்சம் தளர்வா விட்டாத்தான் ஓடும். விட்டா முள்ளு ஆடும். கஷ்டமான வேலை." கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "நீ எழுதினதைப் படிச்சேன். கையால செய்ய முடியுமான்னு கேட்டிருந்தியே. நம்ம கடையில உக்காந்துதானடா வீட்டுப்பாடம் எழுதுவ?"

கோபமாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை. சாதாரணமாக் கேட்டார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை, இப்பவும் இல்லை.

மர்மமே இல்லைன்னு நான் சொல்ல வரலை. யார் செஞ்சான்னு தெரியாது. நாட்காட்டியில இருக்கிற மாசப் பேருங்க கொரிந்து நகர வழக்கைச் சேர்ந்தவைன்னு 2008ல கண்டுபிடிச்சாங்க. ஆர்க்கிமிடீஸ் செஞ்ச வான்கோளத்தை ரோமானியர் கி.மு. 212ல சைரக்யூஸைப் பிடிச்சப்ப தூக்கிட்டுப் போனதா சிசரோ எழுதியிருக்கார். ரோட்ஸ் தீவுல பொசிடோனியஸ் ஒண்ணு செஞ்சதாவும் அவரே சொல்றார். ஆக இது ஒத்தை அதிசயம் இல்லை, ஒரு தொழிலே நடந்திருக்கு. மத்ததெல்லாம் எங்கேன்னா, உருக்கியிருப்பாங்க. வெண்கலத்துக்கு எப்பவும் விலை உண்டு. கடலுக்கடியில போனதால இது தப்பிச்சுது.

முன்பக்க வளையத்துல துளை எத்தனைங்கிறதுலயே சண்டை. 365 நாள்னு நினைச்சிருந்தாங்க. 354தான் இருக்கும்னு 2020ல ஒரு ஆய்வு. 2024ல கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்காரங்க, ஈர்ப்பு அலை ஆய்வுல பயன்படுத்தற புள்ளியியலைக் கொண்டுவந்து 354 அல்லது 355ன்னாங்க. கோள்களைக் காட்டுற சக்கரங்கள் காணாமப் போயிடுச்சு. அவை எப்படி இருந்திருக்கலாம்னு 2021ல லண்டன் குழு ஒரு வடிவம் கொடுத்துது. இத்தனைக்கும் மேல, 2025ல அர்ஜென்டினா ஆய்வாளர் ரெண்டு பேர், இப்ப அளக்கிற பல்லு இடைவெளிப் பிழைகள் நிஜமாவே அன்னிக்கும் இருந்திருந்தா இயந்திரம் பாதியிலயே சிக்கி நின்னிருக்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க. ரெண்டாயிரம் வருசம் உப்புத் தண்ணியில ஊறி நெளிஞ்ச தகட்டை வச்சு அளந்தா பிழை கூடித்தான் தெரியும்னும் அவங்களே சொல்றாங்க. 2023ல வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்துல இந்தப் பெட்டி காலத்துல ஓட்டையே போட்டுடுச்சு. அது ஓடிச்சா நின்னுச்சாங்கிற கேள்விதான் எனக்கு அதைவிட சுவாரசியமா இருக்கு.

இதை அப்பாகிட்ட சொன்னப்ப, "ஓடாமயா அவ்வளவு எழுத்தை உக்காந்து பொறிச்சிருப்பான்?"னார். அது ஆதாரம் ஆகாதுப்பான்னேன். ஒத்துக்கலை.

அதோட விடலை மனுசன். மறுநாளே பாத்திரக்கடைத் தெருவுக்குப் போய் பித்தளைத் தகடு வாங்கிட்டு வந்துட்டார். ஏழு சென்டிமீட்டர் வட்டமா வெட்டி, சுத்தளவுக்குக் காகிதப் பட்டை ஒட்டி, அதுல 127 கோடு போட்டு, மூடி வச்சிருந்த மேஜையைத் திரும்பத் தூசி தட்டி உட்கார்ந்துட்டார். மூணு வாரமா தினம் ஒரு போட்டோ வருது. அம்மா எனக்குத் தனியா போன் பண்ணி, "நீதான் கிளப்பி விட்ட, கண்ணு போயிடும், நீயே நிறுத்து"ன்னு திட்டறாங்க.

நேத்து ராத்திரி கால் வந்துது. தகட்டைக் கேமராவுக்கு ரொம்பக் கிட்ட பிடிச்சதால ஒண்ணுமே தெரியலை, பளபளன்னு மஞ்சளா ஏதோ ஆடுச்சு. 126 பல்லு அருமையா வந்திருக்காம். கடைசிப் பல்லுக்குப் பாதி இடம்தான் மிச்சம். ஒவ்வொரு பல்லுலயும் முடி கனத்துல ஒரு தப்பு சேர்ந்துக்கிட்டே வந்திருக்கு.

"இது மூணாவது தகடு"ன்னார். "அந்த ஆள் எத்தனை தகடு வீணடிச்சான்னு எங்கயாவது எழுதியிருக்கான்னு பாருடா."