கியோத்தோவின் சிறுநீர்ப் பண்டமாற்று

ஜப்பானிய நாவலாசிரியராகிய தாக்கிசாவா பாகின், 1802-ஆம் ஆண்டில் எடோ நகரத்தினின்றும் புறப்பட்டுக் கியோத்தோ, ஒசாக்கா பிரதேசங்களில் யாத்திரை செய்தபோது குறித்து வைத்த விஷயங்களுள் ஒன்று என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது: கியோத்தோவின் வீதிகளில் குடியானவர்கள் முள்ளங்கியும் கீரையும் சுமந்துவந்து, காசு கேளாமல், வீடுகளில் சேர்த்து வைத்திருந்த சிறுநீரை அவற்றுக்கு மாற்றாகப் பெற்றுச் சென்றார்கள் என்பதே அது. எடோவில் சிறுநீருக்கு அத்தனை மதிப்பு இல்லாமையால் அவருக்கு இது விநோதமாகப்பட்டது. மனித தேகம் கழிக்கும் நைட்ரஜனில் பெரும்பகுதி சிறுநீர் வழியே வெளியேறுகிறது. அதனை மிடாவில் ஊறவிட்டு, யூரியா அம்மோனியாவாக மாறியபின் தண்ணீர் கலந்து வேரடியில் வார்த்தால் இலைக்கறிகள் தழைக்கும். ஆகவே கீரையைக் கொடுத்தவர்கள் அடுத்த போகத்துக் கீரைக்கான உரத்தையே வாங்கிச் சென்றனர்.

ஒசாக்காவிலோ இது வழக்கமென்ற நிலையைக் கடந்து சொத்துரிமையாகவே வளர்ந்திருந்தது. வாடகை வீட்டில் சேரும் மலம் வீட்டுக்காரருக்கும், சிறுநீர் குடியிருப்பவருக்கும் உரியவை. குடியிருப்போர் தொகை குறைந்தால் மலத்தின் வருமானம் குறையுமென்று வாடகையை உயர்த்துவதும் உண்டு. மலத்துக்கே விலை அதிகம். ஆயினும், குடக்கூலி வீட்டில் ஒண்டியிருந்த ஏழைக்கும் தன் தேகம் தரும் பொருளில் பாத்தியதை உண்டென்று ஒரு நகரம் ஒப்புக்கொண்டதை நாகரிகத்தின் உயர்ந்த லட்சணமாகவே நான் கருதுகிறேன். அந்நகரின் கழிவை எடுக்கும் உரிமைக்காக 1724-இல் யாமசாகி, தக்கட்சுகி வட்டாரக் கிராமங்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து சண்டையிட்டன.

அமெரிக்க மண்ணியல் நிபுணர் எஃப். எச். கிங் 1909-இல் கிழக்காசியாவில் பிரயாணம் செய்தபோதும் இந்த முறை க்ஷீணித்துவிடவில்லை. முந்திய ஆண்டில் ஜப்பானிய வயல்களுக்கு இடப்பட்ட மலமூத்திர எரு சுமார் 2 கோடியே 38 லட்சம் டன் என்று அவர் எழுதியிருக்கிறார்.

பின்னர் நகரப் பெருக்கமும் ரசாயன உரமும் இவ்வியாபாரத்தைத் தளர்த்தின. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஜப்பானில் தங்கிய அமெரிக்கப் படையினர், மல எருவிட்ட காய்கறிகளால் குடற்புழு பரவுமென்று அஞ்சி, சோஃபுவிலும், கியோத்தோவை அடுத்த ஓட்சுவிலும் மண்ணில்லாத சரளைப் பாத்திகளில் தங்களுக்கு வேண்டிய காய்கறிகளைப் பயிர்செய்வித்தனர். அந்த அச்சம் நியாயமானதே; ஆனால் அப்புழுவின் முட்டைகள் மலத்தில் இருப்பவையேயன்றிச் சிறுநீரில் இருப்பவை அல்ல. கியோத்தோவும் ஒசாக்காவும் தலைமுறை தலைமுறையாக வெவ்வேறு பாத்திரங்களில், வெவ்வேறு விலைக்கு, வெவ்வேறு உடைமையாகப் பிரித்து வைத்திருந்த இரண்டுக்கும் கடைசியில் ஒரே தீர்ப்பே கிடைத்தது.